ஆம்பை மாற்றுவதற்கு முன் நெக்கைப் பாருங்கள்

பேஸ் கிட்டார் வாசிக்கும் இரண்டு பேர் சந்தித்தால் சீக்கிரமே பேச்சு ஆம்புக்கு, அதாவது ஆம்ப்ளிஃபயருக்கு, வந்துவிடும். எத்தனை வாட், பத்து இஞ்ச் ஸ்பீக்கரா பதினைந்தா, டியூபா டிரான்சிஸ்டரா என்று போகும். "சத்தம் மொத்தையா இருக்கு, நோட்டே தெரியல, ஆம்ப் மாத்தணும்" என்ற புலம்பலும் கூடவே வரும். அந்தப் புலம்பலுக்குக் காரணமான கோளாறு பெரும்பாலும் ஆம்பில் இருப்பதில்லை. கிட்டாரின் நெக்கில் (கழுத்துப் பகுதியில்) அரை மில்லிமீட்டருக்கும் குறைவான ஒரு வளைவில் இருக்கும். இல்லையென்றால் வாசிக்கிற அறையின் நீள அகலத்தில் இருக்கும். இரண்டையும் சரிபார்க்கப் பெரிய செலவு கிடையாது.

முதலில் ஒரு சின்னச் சோதனை. ஆம்பை அணைத்துவிட்டு, மிக்ஸர் வழியாக ஹெட்ஃபோனில் பேஸைக் கேளுங்கள். நான்கில் தடித்ததான ஈ ஸ்ட்ரிங்கில் ஓப்பனிலிருந்து (எங்கும் அமுக்காமல்) 12-ஆவது ஃப்ரெட் (நெக்கில் குறுக்காகப் பதித்த உலோகப் பட்டை) வரை, பிறகு மற்ற மூன்று ஸ்ட்ரிங்கிலும், ஒவ்வொரு நோட்டாக ஒரே அழுத்தத்தில் வாசியுங்கள். ஹெட்ஃபோனிலும் ஒரு நோட்டு செத்துக் கிடந்தால், அல்லது இரைந்தால், கோளாறு கிட்டாரில். ஹெட்ஃபோனில் எல்லாம் சீராக இருந்து, ஆம்பில் மட்டும் ஒரு நோட்டு உறுமி அடுத்தது காணாமல் போனால், அறையைச் சந்தேகப்படுங்கள். இந்தப் பத்து நிமிடத்தைச் செலவழிக்காமல் கடைக்குப் போகவே கூடாது.

கிட்டாரிலிருந்து தொடங்குவோம். 1951-இல் கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டனில் லியோ ஃபெண்டர் பிரிசிஷன் பேஸைக் கொண்டுவந்தபோது, நெக்கின் மேல்நுனியில் உள்ள நட்டிலிருந்து உடலில் உள்ள பிரிட்ஜ் வரை ஸ்ட்ரிங் அதிரும் நீளத்தை 34 இஞ்ச் என்று வைத்தார். 864 மி.மீ. இன்றும் பெரும்பாலான பேஸ்களில் அதே அளவுதான். அதில் 45, 65, 85, 105 என்ற தடிமனில் (இஞ்சில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கு) வழக்கமான செட்டை மாட்டி டியூன் செய்தால், நான்கு ஸ்ட்ரிங்கும் சேர்ந்து ஏறக்குறைய 80 கிலோ இழுக்கின்றன. ஒரு ஆளின் எடையை மரத்துண்டு ஒன்று இரவும் பகலும் தாங்கிக்கொண்டிருக்கிறது. அந்த இழுவைக்கு எதிராக உள்ளே நின்று தாங்குவது ட்ரஸ் ராட் என்ற இரும்புக் கம்பி.

நெக் ஸ்கேல் வைத்ததுபோல நேராக இருக்கக் கூடாது. அதிரும் ஸ்ட்ரிங் நடுப்பகுதியில்தான் அதிகம் விலகும். அதற்கு இடம் விட்டு நெக் லேசாக முன்பக்கம் குழிந்திருக்க வேண்டும். இந்தக் குழிவுக்கு ரிலீஃப் என்று பெயர். அளக்கும் முறை இதுதான். பேஸைச் சரியாக டியூன் செய்து, வாசிக்கும் நிலையிலேயே மடியில் வைத்துக்கொள்ளுங்கள். மேஜையில் மல்லாத்திப் போட்டு அளந்தால் நெக்கின் எடையே அளவை மாற்றும். ஈ ஸ்ட்ரிங்கை முதல் ஃப்ரெட்டில் கேபோ (ஸ்ட்ரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கிளிப்) போட்டு அமுக்குங்கள், கடைசி ஃப்ரெட்டில் இன்னொரு கையால் அமுக்குங்கள். இப்போது அந்த ஸ்ட்ரிங்கே ஒரு ஸ்கேல். 8-ஆவது ஃப்ரெட்டின் தலைக்கும் ஸ்ட்ரிங்கின் அடிக்கும் நடுவில் உள்ள இடைவெளியைப் பாருங்கள். 0.30 மி.மீ. இருந்தால் நல்லது. 0.25 முதல் 0.35 வரை பழுதில்லை.

இதை அளக்க இசைக்கருவிக் கடைக்குப் போக வேண்டாம். டூ வீலர் மெக்கானிக் டாப்பெட் அட்ஜஸ்ட் செய்ய வைத்திருக்கும் ஃபீலர் கேஜ் போதும். ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கிடைக்கும். 0.30 என்று பொறித்த தகடு லேசாக உரசிக்கொண்டு நுழைய வேண்டும், ஸ்ட்ரிங்கைத் தூக்கக் கூடாது. அவசரத்துக்கு ஒரு விசிட்டிங் கார்டும் உதவும்.

இடைவெளி அதிகமாக இருந்தால் ட்ரஸ் ராடை வலப்பக்கம், கடிகார முள் திசையில், கால் சுற்று முறுக்குங்கள், நெக் நிமிரும். இடைவெளியே இல்லையென்றால் இடப்பக்கம் கால் சுற்று தளர்த்துங்கள். ஒரே நேரத்தில் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம். முறுக்கியதும் திரும்ப டியூன் செய்து, பத்து நிமிடம் விட்டு அளந்து, மறுநாள் இன்னொரு முறை அளக்க வேண்டும். மரம் மெதுவாகத்தான் இணங்கும். இங்கே நடக்கும் பெரிய விபத்து தப்பான ஆலன் கீ (ட்ரஸ் ராடைத் திருகும் அறுகோணச் சாவி). 3/16 இஞ்ச் சாவி என்பது 4.76 மி.மீ. அதை 5 மி.மீ. துளையில் போட்டால் நுழையும், திருகவும் முடியும், ஆனால் மூலைகளை மழுக்கிவிடும். மழுங்கிய பிறகு அந்த நெக்கைக் காப்பாற்றுவது பெரிய வேலை. அமெரிக்கத் தயாரிப்பா, ஜப்பான் அல்லது இந்தோனேசியத் தயாரிப்பா என்று பார்த்து, இஞ்ச் சாவியா மில்லிமீட்டர் சாவியா என்பதை முடிவு செய்யுங்கள். சாவி ஆடாமல் இறுக்கமாக உட்கார வேண்டும். நியாயமான பலத்துக்கு நகரவில்லை என்றால் அங்கேயே நிறுத்திவிட்டு, கிட்டார் பழுதுபார்க்கும் லூத்தியரிடம் கொண்டுபோங்கள்.

ரிலீஃபுக்கு அடுத்துதான் ஆக்‌ஷன், அதாவது ஸ்ட்ரிங்கின் உயரம். இந்த வரிசையை மாற்றினால் செய்த வேலையையே திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருப்பீர்கள். கேபோவைக் கழற்றிவிட்டு 17-ஆவது ஃப்ரெட்டில் அளக்க வேண்டும்: ஈ ஸ்ட்ரிங் 2.4 மி.மீ., ஜி ஸ்ட்ரிங் 2 மி.மீ. என்பது நல்ல தொடக்கம். பிரிட்ஜில் ஸ்ட்ரிங் உட்காரும் சாடிலில் உள்ள இரண்டு குட்டி ஸ்க்ரூக்களையும் சமமாகத் திருப்புங்கள், சாடில் சாய்ந்து நிற்கக் கூடாது. எலெக்ட்ரிக் கிட்டார் வாசித்துப் பழகியவர்கள் ஆக்‌ஷனை 1.5 வரை இறக்கப் பார்ப்பார்கள். பேஸ் ஸ்ட்ரிங் பெரிய வட்டமடித்து அதிர்வது. கொஞ்சம் அழுத்தி வாசித்தாலே ஃப்ரெட்டில் மோதி நோட்டின் தலையை நசுக்கிவிடும். அழுத்தி வாசிக்கிற கை என்றால் 2.8 வரை வைப்பதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை.

இரைச்சல் எங்கே வருகிறது என்பதே காரணத்தைச் சொல்லிவிடும். 1 முதல் 5 வரையுள்ள ஃப்ரெட்டுகளில் மட்டும் இரைந்தால் ரிலீஃப் போதவில்லை. 12-க்கு மேலே மட்டும் என்றால் ஆக்‌ஷன் தாழ்ந்திருக்கிறது, அல்லது நெக் உடலோடு சேரும் இடத்தில் மேலே எழும்பியிருக்கிறது. ஓப்பன் ஸ்ட்ரிங் மட்டும் இரைந்து, முதல் ஃப்ரெட்டை அமுக்கியதும் சுத்தமாகிவிட்டால் நட்டின் பள்ளம் ஆழமாகிவிட்டது. ஒரே ஒரு ஃப்ரெட்டில் மட்டும் என்றால் அதற்கு அடுத்த ஃப்ரெட் தூக்கிக்கொண்டிருக்கிறது. அதற்கு ட்ரஸ் ராடைத் திருகிப் பயனில்லை.

இன்டோனேஷன், அதாவது மேல் ஃப்ரெட்டுகளிலும் சுருதி சரியாக நிற்பது, பார்க்கச் சுலபம். 12-ஆவது ஃப்ரெட்டின் நேர்மேலே ஸ்ட்ரிங்கை அமுக்காமல் தொட்டு ஹார்மானிக் எடுங்கள், பிறகு அதே ஃப்ரெட்டை அமுக்கி வாசியுங்கள். அமுக்கிய நோட்டு டியூனரில் ஏறிக் காட்டினால் சாடிலைப் பின்னால் தள்ளுங்கள், இறங்கிக் காட்டினால் முன்னால். புது ஸ்ட்ரிங்கில்தான் இதைச் செய்ய வேண்டும். பழைய ஸ்ட்ரிங்கின் சுருள்களுக்குள் தோலும் வியர்வையும் அங்கங்கே அடைந்து எடை சீரில்லாமல் போய்விடும். அதை வைத்துச் சரிசெய்வது வீண் வேலை. ஸ்ட்ரிங் மாட்டும்போதே இன்னொன்று: டியூனிங் போஸ்ட்டைத் தாண்டி 10 முதல் 12 செ.மீ. வரை விட்டு, வெட்டப்போகும் இடத்துக்கு முன்பாகவே தொண்ணூறு டிகிரிக்கு மடக்கிவிட்டு, அதற்கு அப்பால் வெட்டுங்கள். மடக்காமல் வெட்டினால் மேல்சுற்று உள்கம்பியிலிருந்து நழுவி, புது ஸ்ட்ரிங்கே செத்த ஸ்ட்ரிங்காக ஒலிக்கும்.

ஸ்ட்ரிங்கின் அதிர்வைச் சிக்னலாக்கும் காந்தப் பிக்கப்பைப் பொறுத்தவரை, ஸ்ட்ரிங்குக்கு நெருங்கினால் சத்தம் கூடும் என்று மேலே மேலே தூக்குகிறார்கள். காந்தம் ஸ்ட்ரிங்கை இழுக்க ஆரம்பித்தால் நோட்டு நடுங்கும், நீடிப்பும் குறையும். கடைசி ஃப்ரெட்டை அமுக்கிக்கொண்டு ஈ பக்கம் 3.2, ஜி பக்கம் 2.4 மி.மீ. வைத்துத் தொடங்கலாம்.

எல்லாம் சரியாக இருந்தும் ஜி ஸ்ட்ரிங்கில் 5-ஆவது ஃப்ரெட்டிலிருந்து 7-ஆவது ஃப்ரெட்டுக்குள் ஒரு நோட்டு மட்டும் சட்டென்று சுருண்டுவிடுகிறதா? ஃபெண்டர் வடிவ நெக்குகளில் இது பிறவிக்குணம். நெக்கின் சொந்த அதிர்வும் அந்த நோட்டும் ஒத்துப்போவதால், ஸ்ட்ரிங்கின் சக்தியை மரம் உறிஞ்சிக்கொள்கிறது. நெக்கின் தலைப்பகுதியான ஹெட்ஸ்டாக்கில் ஒரு கனமான கிளாம்ப் மாட்டினால் அந்த இடம் ஒரு ஃப்ரெட் நகரும், மறையாது. அதே நோட்டை டி ஸ்ட்ரிங்கில் ஐந்து ஃப்ரெட் மேலே வாசிப்பது நடைமுறை வழி.

கடற்கரை ஊர்களில் இருப்பவர்களுக்கு இதெல்லாம் ஒருமுறை செய்து மறக்கிற வேலை கிடையாது. ஏசி அறையில் செட்டப் செய்த பேஸைச் சென்னையின் திறந்தவெளி மேடையில் ஏற்றினால், ஈரத்தை இழுத்து நெக் நகரும். எந்தப் பக்கம் நகரும் என்பது நெக்குக்கு நெக் மாறும். நிகழ்ச்சிக்கு ஒரு மணி நேரம் முன்பே பையிலிருந்து எடுத்து அந்த இடத்துக் காற்றில் பழகவிட்டு, பிறகு டியூன் செய்யுங்கள். வாசித்து முடித்ததும் பருத்தித் துணியால் ஸ்ட்ரிங்கின் மேல்பக்கம் மட்டுமல்லாமல் அடிப்பக்கமும் துடைக்க வேண்டும். வியர்வை அங்கேதான் தங்கும்.

ஸ்ட்ரிங்கைப் பற்றிய வாதத்துக்கு முடிவே கிடையாது, இருக்கவும் வேண்டாம். டெட்ராய்ட்டில் மோடவுன் நிறுவனத்தின் பாட்டுகளுக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் 1962-ஆம் வருடப் பிரிசிஷன் பேஸில் மேற்பரப்பு வழவழப்பான, தடித்த ஃப்ளாட்வவுண்ட் ஸ்ட்ரிங்குகளைப் போட்டு, அறுந்தால் ஒழிய மாற்றாமல் வைத்திருந்தார். ஆக்‌ஷனும் உயரம். வலது கையில் ஆட்காட்டி விரல் ஒன்றுதான் வேலை செய்தது. ஸ்டுடியோவில் பெரும்பாலும் ஆம்பே இல்லாமல் நேராக மிக்ஸருக்குப் போனது அந்த ஒலி. ஜாகோ பாஸ்டோரியஸ் இதற்கு நேர் எதிர்: ஃப்ரெட் பிடுங்கிய, ஃபெண்டரின் ஜாஸ் பேஸ், விரல் பலகைமேல் படகுக்குப் பூசும் எப்பாக்சி, அதன்மேல் பளபளக்கும், மேற்பரப்பு வரிவரியான ரவுண்ட்வவுண்ட் ஸ்ட்ரிங். பிரிட்ஜை ஒட்டிய பிக்கப்புக்கு மேலே மீட்டினார். இருவரின் ஒலியும் ஸ்ட்ரிங்கிலும் விரல் விழும் இடத்திலும் பிறந்தது. ஆம்ப் அதற்குப் பிறகுதான் வருகிறது. பிரிட்ஜிலிருந்து நெக் பக்கமாக உங்கள் விரலைப் பத்து சென்டிமீட்டர் நகர்த்திப் பாருங்கள். ஆம்பின் எந்தக் குமிழும் அவ்வளவு மாற்றம் தராது.

இடது கைக்கும் ஒரு கணக்கு. 34 இஞ்ச் பேஸில் நட்டிலிருந்து முதல் ஃப்ரெட் 48.5 மி.மீ.; 1-ஆவது ஃப்ரெட்டிலிருந்து 4-ஆவது ஃப்ரெட் வரை 13 செ.மீ. அங்கே ஃப்ரெட்டுக்கு ஒரு விரல் என்று நீட்டி வைத்தால் மணிக்கட்டு மடங்கி, சில மாதத்தில் வலி ஆரம்பிக்கும். கான்ட்ராபேஸ்காரர்கள் செய்வதுபோல 1, 2, 4 விரல்களால் (ஆட்காட்டி, நடு, சுண்டு விரல்) மூன்று ஃப்ரெட்டை மட்டும் பிடித்து, கையை நகர்த்துங்கள். 5-ஆவது ஃப்ரெட்டுக்கு மேலே நான்கு விரலும் தாராளமாக வரும்.

இப்போது ஆம்ப். ஓப்பன் ஈ 41 ஹெர்ட்ஸ். ஐந்து ஸ்ட்ரிங் பேஸின் பி 31 ஹெர்ட்ஸ். பெரும்பாலான கேபினெட்டுகள் (ஸ்பீக்கர் பெட்டிகள்) இந்த ஆழத்துக்கு முழு பலத்தோடு இறங்குவதில்லை. ஆனாலும் நோட்டு நமக்குக் கேட்கிறது, ஏனென்றால் 82, 123, 164 என்று மேலே வரும் ஹார்மானிக்குகளை (அடிநாதத்தின் மடங்குகளை) கொண்டே அடிநாதத்தை மூளை ஊகித்துக்கொள்கிறது. இளையராஜா மெட்டுக்கு எதிர்மெட்டாக எழுதி சசிதரன் வாசித்த பேஸ் வரிகள் டீக்கடை ரேடியோவிலும் தெளிவாகக் கேட்பது இதனால்தான். அந்தக் குட்டி ஸ்பீக்கரில் 41 ஹெர்ட்ஸ் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆகவே நோட்டு தெரியவில்லை என்றால் கை பேஸ் குமிழுக்குப் போகக் கூடாது. 250 ஹெர்ட்ஸ் பக்கம் கொஞ்சம் குறைத்து, 500 முதல் 800 வரை கொஞ்சம் கூட்டிப் பாருங்கள். வீட்டில் தனியாக வாசிக்கும்போது மிட்டை (நடு அலைவரிசையை) குடைந்தெடுத்த ஒலி இனிமையாக இருக்கும். ட்ரம்ஸும் கிட்டாரும் சேர்ந்ததும் அது கரைந்துபோகும்.

வாட் இரட்டிப்பானால் 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகப் படப் பத்து மடங்கு வாட் வேண்டும். 200 வாட்டை விற்று 300 வாங்குவதில் பெரிதாக எதுவும் நடக்காது. அதைவிட இன்னொரு கேபினெட் சேர்ப்பது நன்றாகத் தெரியும். சேர்க்கும்போது ஓம் கணக்கைப் பாருங்கள். 8 ஓம் கேபினெட் இரண்டு இணையாகச் சேர்ந்தால் 4 ஓம். 4 ஓம் இரண்டு சேர்ந்தால் 2 ஓம். ஆம்பின் பின்னால் குறைந்தபட்சம் 4 என்று அச்சிட்டிருந்தால் 2 ஓமில் அது சூடேறி அணைந்துவிடும் அல்லது எரிந்துவிடும். டியூப் ஆம்பில் ஆபத்து வேறு விதம்: ஸ்பீக்கர் இணைக்காமல் ஆன் செய்து வாசித்தால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும். ஆம்புக்கும் கேபினெட்டுக்கும் நடுவே கிட்டார் கேபிளை மாட்டாதீர்கள். அதன் நடுக்கம்பி மெல்லியது, அந்தக் கரண்டைத் தாங்காது.

1969-இல் ஆம்பெக் எஸ்விடி என்ற பேஸ் ஆம்ப் 300 வாட்டும், பத்து இஞ்ச் ஸ்பீக்கர்கள் எட்டு கொண்ட கேபினெட்டுமாக வந்தபோது, பெரிய மேடைகளில் பேஸை அரங்கத்துக்கு அனுப்ப ஆம்பைத் தவிர வேறு நல்ல வழி இல்லை. இன்று டிஐ பாக்ஸ் (பேஸ் சிக்னலை நேராக மிக்ஸருக்கு அனுப்பும் பெட்டி) வழியாக பிஏ (அரங்கத்து ஒலி அமைப்பு) அதைச் செய்கிறது. ஆம்ப் வாசிப்பவர் கேட்பதற்கு. வாடகை ஆம்பில் போய் மாட்டும்போது, அதிலுள்ள டிஐ சுவிட்சை ஈக்யூவுக்கு (ஒலியைத் திருத்தும் குமிழ்களுக்கு) முந்தைய நிலையில் வைத்தால், மேடைக்காக நீங்கள் குமிழ்களைத் திருகுவது அரங்கத்து ஒலியைக் கெடுக்காது. ஆக்டிவ் பேஸ் (உள்ளே பேட்டரியில் ஓடும் சர்க்யூட் உள்ளது) என்றால் 9 வோல்ட் பேட்டரி ஒன்று எப்போதும் பையில் இருக்கட்டும். கேபிள் சொருகியிருக்கும்வரை அது தீர்ந்துகொண்டே இருக்கும். அழுத்தி மீட்டும்போது மட்டும் ஒலி பிசிறினால் பேட்டரியைத்தான் முதலில் பாருங்கள். 8 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால் மாற்றிவிடுங்கள்.

இரைச்சலில் நம் ஊர் கரண்டுக்கே உரிய ஒரு தொல்லை உண்டு. 50 ஹெர்ட்ஸ் ஹம் (கரண்டின் ரீங்காரம்), ஜி நோட்டின் 49 ஹெர்ட்ஸை ஒட்டி உட்கார்ந்திருக்கிறது. பாட்டு ஜி-யில் இருந்தால் ஹம் மறைந்திருந்து, மற்ற ஸ்ருதிகளில் குழப்பும். ஜாஸ் பேஸில் இரண்டு பிக்கப்பின் வால்யூமையும் சமமாக வைத்தால் ஹம் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். ஸ்ட்ரிங்கைத் தொட்டதும் குறைகிறது என்றால் எர்த் இணைப்பு வேலை செய்கிறது, உள்ளே ஷீல்டிங்தான் (இரைச்சலைத் தடுக்கும் உறைதான்) போதவில்லை. என்ன ஆனாலும் ஆம்பின் மூன்றாவது பின்னை வெட்டாதீர்கள், டேப் சுற்றாதீர்கள். கையில் ஸ்ட்ரிங்கும் உதட்டில் மைக்குமாக நிற்பவரின் உயிர் அந்த பின்னில் இருக்கிறது. டிஐ பாக்ஸில் உள்ள கிரவுண்ட் லிஃப்ட் சிக்னல் எர்த்தை மட்டும்தான் பிரிக்கும். அதைத் தாராளமாகப் போடலாம்.

கடைசியாக அறை. 41 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை எட்டு மீட்டருக்கும் மேல் நீளம். செங்கல் சுவரும் கான்கிரீட் கூரையும் அதை அப்படியே திருப்பியடிக்கும். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் பத்தடிப் பக்கம் சுமார் 57 ஹெர்ட்ஸிலும், பன்னிரண்டடிப் பக்கம் சுமார் 48 ஹெர்ட்ஸிலும் ஒத்ததிரும். அதாவது ஏ-க்கும் ஏ ஷார்ப்புக்கும் நடுவே ஒன்று, எஃப் ஷார்ப்புக்கும் ஜி-க்கும் நடுவே இன்னொன்று. சுவரோரம் நின்றால் அந்த நோட்டுகள் உறுமும், அறையின் நட்டநடுவில் நின்றால் காணாமல் போகும். சுவரில் முட்டை அட்டை ஒட்டுவதும் இரண்டு இஞ்ச் ஃபோம் ஒட்டுவதும் சிம்பலின் கூச்சத்தைக் குறைக்கும். பேஸை ஒன்றும் செய்யாது. மூலையில் நிறுத்திய தடித்த பஞ்சு மெத்தை ஓரளவு உதவும், அதுவும் 100 ஹெர்ட்ஸுக்கு மேலேதான் நன்றாகத் தெரியும்.

செலவில்லாத வழி இடம் மாறுவது. ஆம்பை மூலையிலிருந்து வெளியே இழுங்கள். மூலை எல்லா உறுமலையும் ஒன்றாகக் கிளப்பிவிடும். ஒரு நாற்காலியில் ஏற்றியோ சாய்த்தோ ஸ்பீக்கரை முழங்காலுக்குப் பதில் காதுக்கு நேராக்குங்கள். பிறகு நீள கேபிளை மாட்டிக்கொண்டு ஈ ஸ்ட்ரிங்கை ஃப்ரெட் ஃப்ரெட்டாக வாசித்தபடியே அறையில் நடங்கள். சுவரிலிருந்து அறை நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் தொடங்கித் தேடினால், எஃப் ஷார்ப்பும் ஜி-யும் ஏ-யும் ஒரே உயரத்தில் நிற்கும் இடம் ஒன்று பெரும்பாலும் அகப்படும். அங்கே தரையில் ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுங்கள். அடுத்த ரிகர்சலுக்கு ட்ரம்மர் வந்து சாமான்களைப் பரப்புவதற்குள் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளலாம்.